பரங்கிப் பிஞ்சுகள் ஏன் உதிர்கின்றன?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியிலுள்ள உங்கள் வீட்டின் பின்புறத்தில் வளர்க்கும் பரங்கிக்கொடி நிறையப் பூத்தும் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்வது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கைக் குறைவே காரணம்.

கொடியில் முதலில் வருபவை ஆண் பூக்கள். பின்னர் வரும் பெண் பூவின் அடியில் கோலிக்குண்டு போல ஒரு பிஞ்சு இருக்கும். பூக்கள் விடியற்காலையில் விரிந்து நண்பகலுக்குள் சுருங்கிவிடுவதால், மழை பெய்யும் கோடைக் காலைகளில் தேனீக்கள் வராமற்போனால் அந்தப் பிஞ்சு தங்காது. ஆகவே காலை 8 மணிக்குள், அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, நடுத்தண்டில் ஒட்டியுள்ள மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் மெதுவாகத் தடவுங்கள்.

பிஞ்சின் தோலில் ஊசி குத்தியது போன்ற புள்ளியும் பிசின் துளியும் தெரிந்தால், அது பழ ஈ முட்டையிட்ட அடையாளம். அத்தகைய பிஞ்சை அகற்றி அழித்துவிட்டு, காய் பிடித்த மற்றவற்றை மெல்லிய துணிப்பையால் மூடுங்கள். மருந்து தெளிப்பதைவிட இதையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் தேனீக்களை நாம் இழக்கக் கூடாது.

இடம் குறைவென்றால் கொடியை வேலியில் ஏற்றி, இரண்டு மூன்று காய் பிடித்ததும் நுனியைக் கிள்ளிவிடலாம். அந்த இளந்தளிர் கீரையாகச் சமைக்க மிகவும் ஏற்றது.