ஊட்டிக் குளிரில் புது பேட்டரி போட்டும் செல்ஃப் எடுக்கவில்லை. கேபிளை மாற்ற வேண்டுமா? மாற்றினால் எந்த கேபிள்?

முதலில் அளந்து பாருங்கள். அளக்காமல் ஒரு பேட்டரிக்குக் காசு அழுதவன் நான்.

கேத்தியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்றும் டீசல் பிக்கப் என்னுடையது. ஒரு ஜனவரி விடியற்காலை, புல்லெல்லாம் உறைபனி. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். லோடு ஏற்றும் ஆட்கள் நாலு பேர் தள்ளி, இறக்கத்தில் விட்டு ஸ்டார்ட் செய்தோம். (நம் ஊரில் இறக்கத்துக்கா பஞ்சம்?) அன்றைக்கே புது பேட்டரி வாங்கிப் போட்டேன். இரண்டு நாள் ஒழுங்காக எடுத்தது. மூன்றாம் நாள் மறுபடி அதே 'டிக்'.

கோளாறு எர்த் கேபிளில், அதாவது பேட்டரியின் நெகட்டிவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் கேபிளில். அதன் நுனியில் இன்ஜினோடு போல்ட் போட்டிருக்கும் லக்கை (உலோக வளையம்) அறுத்துப் பார்த்தால், உள்ளே செம்புக் கம்பிகள் கறுத்துப் பொடியாகிக் கிடக்கின்றன. மேலே உறை மட்டும் புத்தம் புதுசு போல. லக்கின் வாய் திறந்திருந்தால் பனிமூட்டத்தின் ஈரம் கம்பிகளுக்கு நடுவே ஊர்ந்து போய்விடும். குளிரில் பேட்டரியின் தெம்பு குறையும், இன்ஜின் ஆயிலும் கெட்டியாகும். அதனால் கோடையில் ஒப்பேற்றிய கேபிள் உறைபனிக் காலத்தில்தான் காலை வாரும்.

வண்டியை நியூட்ரலில் போட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் ஈயத் தூணில் (கிளாம்பில் வைக்காதீர்கள்), மறுமுனை இன்ஜின் பிளாக்கில். இன்னொருவர் செல்ஃப் அடிக்கட்டும். 0.2 வோல்ட் அளவில் நின்றால் நல்லது. என் வண்டி முக்கி முக்கிச் சுற்றியபோது 1.4 காட்டியது! பாசிட்டிவ் தூணுக்கும் செல்ஃப் மோட்டார் போல்ட்டுக்கும் இடையே அரை வோல்ட் வரை பொறுக்கலாம். இரண்டுமே சரியாக இருந்தால் கேபிளை விட்டுவிட்டு செல்ஃப் மோட்டாரைக் கழற்றுங்கள்.

வாங்கும்போது உறையின் தடிமனைப் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளே செம்பு எத்தனை ஸ்கொயர் எம்எம் என்று கேளுங்கள். 35 ஸ்கொயர் எம்எம் செம்பில் 300 ஆம்பியர் போனால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.15 வோல்ட் வீணாகப் போய்விடும். 16 என்றால் இரண்டு மடங்குக்கு மேல். டீசலுக்கு 35-க்குக் கீழே நான் இறங்க மாட்டேன். ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்புப் பூச்சு போட்ட அலுமினியம். விலை குறைவுதான், வேண்டாம். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி கிடைத்தால் விடாதீர்கள். உப்புக் காற்றைத் தாங்க கடல் படகுகளுக்குப் போடுவது அதுதான். நமக்கு உப்பு இல்லை, ஈரம் இருக்கிறதே.

லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்குகிற கடையை விட்டு வந்துவிடுங்கள். ஹைட்ராலிக் கிரிம்ப் மெஷினில் அழுத்தி, மேலே உள்பக்கம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் குழாய்) போடச் சொல்லுங்கள். எர்த் உட்காரும் இடத்தில் பெயிண்ட், துரு எல்லாவற்றையும் இரும்பு பளபளக்கும் வரை தேய்க்க வேண்டும்.

பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. மழைக்கு முன் ஒருமுறை, உறைபனிக்கு முன் ஒருமுறை டெர்மினலைக் கழற்றி, ஆப்ப சோடா கரைத்த வெந்நீரால் களிம்பைக் கழுவி, காய்ந்ததும் இறுக்கி, அதன் மேல் வாசலின் தடவுகிறேன். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். மாற்றிச் செய்து ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். என் பத்து நம்பர் ஸ்பேனரில் ஒரு பல்லே காணோம்.