கொலையாளி யார் என்று முன்பே தெரிந்துவிட்டால் மர்மப் படத்தைப் பார்த்து என்ன பயன்?

உங்களுக்கும் யாரோ முடிவைச் சொல்லித் தொலைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஆத்திரம் புரிகிறது. ஆனாலும் போய்ப் பாருங்கள்.

எஸ். பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954) படத்தைக் கொழும்பு கொட்டாஞ்சேனையில் பெரியப்பா வீட்டில்தான் முதலில் பார்த்தேன். எடுத்த எடுப்பிலேயே துப்பாக்கி வெடித்துச் சிவாஜி விழுகிறார். சி.ஐ.டி. அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமன் இன்னும் விசாரணையையே தொடங்கவில்லை. சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி பெரியப்பா, "சுட்டது பெண்சாதிதான்" என்றார். (70 வருடப் பழைய படத்தின் முடிவை வெளியிட்டுவிட்டேன் என்று யாரும் பாய வேண்டாம்.)

வேறு வழியில்லாமல் மனைவியாக வரும் பண்டரிபாயையே கவனிக்கத் தொடங்கினேன். விஷயமே அங்கேதான் இருந்தது. கணவனைப் பறிகொடுத்தவளின் அழுகை பொய்யில்லை, அவனை நேசித்தவள்தான். ஆனால் அதே முகம் இன்னொன்றை மறைக்கவும் வேண்டும். தெரியாதவருக்குத் துக்கம் மட்டும் தெரியும். தெரிந்தவருக்கு அதற்கடியில் கிடக்கும் பயமும் தெரியும். நடிகை கொஞ்சம் கூட்டினால் குட்டு உடைந்துவிடும், குறைத்தால் முடிவை நம்ப முடியாது. பாலச்சந்தரும் பாட்டு, நடனம் என்று ஒதுங்க இடமே வைக்கவில்லை. ஆளாளுக்கு ஒரு கதை சொல்ல, ஒவ்வொன்றிலும் சிவாஜி வேறொரு மனிதராகத் தெரிகிறார். கதை நடப்பது 1943இல், ஜப்பான் சென்னையில் குண்டு போட்ட காலத்தில். 1942 ஏப்ரலில் கொழும்பிலும் போட்டார்கள் என்பதால், பெரியப்பாவுக்கு அது வெளியூர்ச் சங்கதி அல்ல.

பழசைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்பீர்கள். சரி, 2017இல் மலையாள 'திருஷ்யம்' கதை சிங்களத்தில் 'தர்மயுத்தய' என்று வந்தது. அதே கதையின் தமிழ்ப் படமான 'பாபநாசம்' பார்த்துப் பிணம் எங்கே என்று தெரிந்துவைத்திருந்த என் அலுவலக நண்பர்கள், சிங்கள நடிகர் ஜாக்சன் அந்தனியின் நடிப்புக்காகவே டிக்கெட் எடுத்தார்கள்.

நடிப்பு என்றதும் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். கொழும்பில் நம் இளைஞர்கள் எடுக்கும் மர்மக் குறும்படங்களில் பொலிஸ்காரர் ஏன் சென்னைத் தமிழ் பேசுகிறார்? கொலை நடப்பது வெள்ளவத்தையில், விசாரிக்க வருபவர் மயிலாப்பூர்க்காரர்! கேட்டால், இந்தியாவிலும் பார்ப்பார்கள் என்கிறார்கள். என் மருமகனுக்கு அப்படியொரு படத்தில் சந்தேக நபர் வேடம். அவன் இயல்பாகப் பேசியதையெல்லாம் நீக்கிவிட்டுச் சென்னைத் தமிழில் மறுபடி ஒலிப்பதிவு செய்யவைத்தார்கள். இப்போது படத்தில் அவன் பொய் சொன்னாலும் உண்மை சொன்னாலும் குரல் ஒரே மாதிரித்தான் இருக்கிறது.