புதிதாக எதையும் வாங்க வேண்டாம்: மதுரையிலிருந்து சில கேள்விகள், பதில்கள்

திருநகரில் இருக்கிறேன். பன்னிரண்டு வருடமாக எங்கள் வீட்டுக் காய்கறித் தோல் வாசலைத் தாண்டியதில்லை, மாடியில் இருக்கும் உரப் பானைக்குத்தான் போகிறது. என் தகுதி அவ்வளவுதான். நான் படித்தது வணிகவியல். வீட்டில் குப்பை, கரன்ட், தண்ணீர் வீணாவதைக் குறைப்பது பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

வில்லாபுரம் தம்பி: அக்கா, சுற்றுச்சூழல் என்று ஆரம்பித்தாலே மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, கண்ணாடி டப்பா என்று பெரிய பட்டியல் நீட்டுகிறார்கள். மாதச் சம்பளக்காரன் எதை முதலில் வாங்குவது?

எதையும் வாங்காதீர்கள். இருக்கிற பிளாஸ்டிக் டப்பாவில் பருப்பு இருந்தால் அது உடையும்வரை அப்படியே இருக்கட்டும். நல்ல டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டுக் கண்ணாடி வாங்கினால் குப்பையும் கூடும், செலவும் கூடும். ஸ்டீல் ஸ்ட்ரா எதற்கு? ஜிகர்தண்டாவைத் தம்ளரில் வாய் வைத்துக் குடித்தால் மீசையில் கொஞ்சம் ஒட்டும், துடைத்துக்கொள்ளலாம். பரணில் ஏறிப் பாருங்கள். அம்மாவின் சீர் வரிசையில் வந்த தூக்குவாளி இரண்டாவது கிடக்கும். அதை இறக்கிக் கழுவுங்கள். போதும்.

எல்லிஸ் நகர்: தூக்குவாளி சரி. ஆனால் ஓட்டலில் நீட்டினால் பார்சல் கட்டுபவர் ஒரு மாதிரி பார்க்கிறார். பின்னால் நிற்பவர்கள் உச்சுக் கொட்டுகிறார்கள்.

எனக்கும் நடந்ததுதான். முதல் முறை சாம்பாருக்கு மட்டும் பாத்திரம் கொண்டுபோனேன், சட்னி இரண்டும் கவரில் வந்தன. அடுத்த முறை எல்லாம் சரியாக எடுத்துப் போனேன், ஆனால் டோக்கன் கொடுத்த பிறகுதான் வாய் திறந்தேன். அதற்குள் கட்டி முடித்துவிட்டார். அப்புறம்தான் பிடிபட்டது: பணம் கட்டும்போதே சொல்லிவிட வேண்டும், மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு நீட்ட வேண்டும். சாம்பாருக்கு ஒரு தூக்கு, சட்னிக்குச் சின்ன டப்பா இரண்டு. தோசைக்குப் பாத்திரமே வேண்டாம், இலையில் மடித்துத் தாளில் சுற்றித் தரச் சொல்லுங்கள். சோழவந்தான் பக்கமிருந்து வாழை இலை வந்து இறங்குகிற ஊரில் இலைக்கா பஞ்சம்?

கொதிக்கிற சாம்பாரை மெல்லிய கவரில் ஊற்றி முடிச்சுப் போடுகிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். தூக்கில் வாங்கினால் அந்தக் கவலை இல்லை, ஒரு கரண்டி கூடவும் விழும். நான்காவது தடவை நான் மறந்து வெறும் கையோடு போனபோது, “தூக்கு எங்கக்கா?” என்று அவரே கேட்டார். அதன்பின் தூக்கும் டப்பாக்களும் வண்டியின் இருக்கைக்கு அடியிலேயே இருக்கின்றன.

மாட்டுத்தாவணி அருகிலிருந்து: ஜவுளிக்கடைகளில் கொடுக்கிற பை துணிப்பைதானே? அதையே பயன்படுத்துகிறேன்.

துணி மாதிரி இருக்கும், துணி இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துணியென்றால் ஊடும் பாவுமாக நூல் தெரியும். அதில் சின்னச் சின்னப் புள்ளி அச்சுத்தான் இருக்கும். பாலிப்ரொப்பிலீன் இழைகளைச் சூட்டில் அழுத்தி ஒட்டியது அது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த 14 பொருட்களில் அந்தப் பையும் உண்டு, உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகித டீக் கப்பும் உண்டு. தடை இருக்கிறது, கப்பும் இருக்கிறது. அது வேறு கதை.

கைவசம் இருக்கும் பையைக் கிழியும்வரை பயன்படுத்துங்கள், புதிதாக வாங்கிச் சேர்க்காதீர்கள். நிஜ மஞ்சப்பைக்கு அலைய வேண்டியதில்லை. கல்யாண வீடுகளில் கொடுத்த தாம்பூலப் பைகள், மணமக்கள் பெயரோடு, எல்லார் வீட்டிலும் இருபதாவது இருக்கும். என் தங்கைக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து பள்ளிக்கும் போகிறார்கள், அவள் கல்யாணப் பையில் நான் இன்னும் கத்திரிக்காய் வாங்குகிறேன். பை மறந்துபோகிறது என்பதுதான் எல்லாருக்கும் பிரச்சினை. அலமாரியில் மடித்து வைத்தால் மறக்கத்தான் செய்யும். வண்டிச் சாவி தொங்குகிற ஆணியில் பையையும் மாட்டுங்கள்.

பழங்காநத்தம்: பானையில் மக்க வைத்துப் பார்த்தேன். பத்தே நாளில் நாற்றம், வெள்ளைப் புழு. வீட்டில் சண்டை. விட்டுவிட்டேன்.

பெரும்பாலானவர்கள் விடுவது இந்தப் பத்தாம் நாளில்தான். தப்பு எங்கே என்றால், சமையலறைக் கழிவை மட்டும் போட்டிருப்பீர்கள். அது முக்கால்வாசி தண்ணீர். காற்றுப் புகாமல் அழுகும், நாறும். ஒரு கிண்ணம் ஈரக்கழிவு போட்டால் அதன் மேல் ஒன்றரைக் கிண்ணம் காய்ந்தது போட வேண்டும்: சருகு, தேங்காய் நார்த்தூள், கிழித்த செய்தித்தாள், எது கிடைக்கிறதோ அது. எங்கள் தெருவில் வேப்பஞ்சருகைக் கூட்டி எரிப்பார்கள். இப்போது ஒரு சாக்கில் அள்ளி எனக்குக் கொடுத்துவிடுகிறார்கள், புகையும் மிச்சம்.

பானையில் சுற்றிலும் ஓட்டை இருக்க வேண்டும், அடியில் நாலு விரல் உயரத்துக்குச் சருகு. ஆரம்பத்தில் ஒரு கரண்டி புளித்த மோர் அல்லது பழைய உரம் ஒரு கைப்பிடி போட்டால் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கும். வாரம் இரண்டு முறை அடிவரை கிளறுங்கள். கையில் அள்ளிப் பிழிந்தால் விரல் நனைய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் காய்ந்தது போடுங்கள், எறும்பு வந்தால் தண்ணீர் தெளியுங்கள்.

அந்தப் புழு பெரும்பாலும் ஒருவகை ஈயின் குஞ்சு. கடிக்காது, குப்பையைத் தின்று வேலையைச் சீக்கிரம் முடிக்கும். பார்க்கத்தான் அருவருப்பு. ஈரத்தைக் குறைத்தால் தானே குறையும். இரண்டு மாதத்தில் மழை பெய்த மண் வாசனையோடு கறுப்பாக உரம் கிடைக்கும். கறி, எலும்பு, மீன் செதில் போடாதீர்கள், எலி வரும். சாமிக்குப் போட்ட மல்லிகைச் சரம் வாழைநாரில் கட்டியது என்றால் அப்படியே போடலாம். நைலான் நூல் என்றால் உருவிவிட்டுப் போடுங்கள், அது மட்டும் மக்காமல் கிளறும் குச்சியில் சுற்றிக்கொண்டு வரும்.

அதே ஊர், இன்னொருவர்: வாடகை வீடு, மாடிச் சாவி வீட்டுக்காரரிடம்.

ஓட்டை போட்ட பழைய பெயின்ட் வாளி, ஜன்னல் ஓரம், அதே கணக்கு. அதுவும் முடியாவிட்டால் ஈரம், காய்ந்தது என்று பிரித்தாவது கொடுங்கள். இரண்டும் கலந்து போனால் வெள்ளைக்கல் குப்பைக் கிடங்கில் மலையாகத்தான் குவியும்.

திருப்பாலை: கரன்ட் பில்லைக் குறைக்க ஒரே ஒரு யோசனை சொல்லுங்கள்.

மின்விசிறி. எல்லாரும் ஏசியைத்தான் திட்டுவார்கள், ஆனால் மதுரை வெயிலில் விசிறி பத்து மாதம் ஓடுகிறது. பழைய விசிறி 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி என்கிற, கரன்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் வகை 30 வாட் அளவில் ஓடும். தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் ஒரு விசிறிக்கு 40 யூனிட் மிச்சம். நம் கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் ஒரேயடியாக ஏறும் என்பது உங்களுக்கே தெரியும். எதையும் வாங்காதே என்று சொன்னவள் விசிறி வாங்கச் சொல்கிறாளே என்கிறீர்களா? பழையது பழுதாகும்போது மாற்றுங்கள், ஓடுவதைக் கழற்றாதீர்கள். ஏசி இருந்தால் 26-இல் வைத்து விசிறியையும் மெதுவாக ஓட விடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம்.

மேலூர்: பால் கவரைக் கழுவி எடைக்குப் போடுகிறேன். சரிதானே?

ரொம்பச் சரி. ஒன்று மட்டும்: மூலையை முழுசாக நறுக்கி எடுக்காதீர்கள், பாதி வெட்டித் தொங்க விடுங்கள். அந்தக் குட்டித் துண்டை யாரும் பொறுக்குவதில்லை, நேரே சாக்கடைக்குத்தான் போகும்.

அண்ணாநகர்: ஆர்ஓ இயந்திரம் கொட்டுகிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா?

எப்போதாவது ஊற்றலாம், தினமும் வேண்டாம். போர் தண்ணீரின் உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது, தொட்டி மண் வெளுத்துப்போகும். வீடு துடைக்க, கழிப்பறைக்கு, பாத்திரத்தின் முதல் அலசலுக்குப் பிடித்து வையுங்கள். அதற்கு முன்னால் உங்கள் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைப் பாருங்கள். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் 500-க்குள் இருந்தால் ஆர்ஓ எதற்கு, கொதிக்க வைத்து வடிகட்டினால் போதும்.

செல்லூர் அண்ணன்: கேட்கிறேன் என்று கோபப்படாதே தங்கச்சி. நீ பையைத் தூக்கிக்கொண்டு போனால் வைகை சுத்தமாகிவிடுமா?

ஆகாது அண்ணே. ஆற்றில் கலக்கிற சாக்கடைக்கு மாநகராட்சிதான் பதில் சொல்ல வேண்டும், என் மஞ்சப்பை சொல்ல முடியாது. வீட்டுப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பெரிய பொறுப்பிலிருந்து மற்றவர்கள் நழுவுவது எனக்கும் பிடிக்காது. ஆனால் இன்னொன்றும் பார்த்தேன். என் அண்ணன்கள் கிரிக்கெட் விளையாடிய வண்டியூர் தெப்பக்குளம் இப்போது தண்ணீரோடு நிற்கிறது. பனையூர் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அது பை தூக்கி நடந்ததில்லை, கூட்டம் சேர்ந்து நடந்தது. இரண்டையும் செய்வோம் என்கிறேன்.

தல்லாகுளம்: சித்திரைத் திருவிழாவுக்கு வருடா வருடம் நீர்மோர்ப் பந்தல் போடுகிறோம். அழகர் போன பிறகு தெருவெல்லாம் எங்கள் கப்தான் கிடக்கிறது.

நல்ல கேள்வி, மனசாட்சியுள்ள கேள்வி. வாடகைப் பாத்திரக் கடையில் எவர்சில்வர் தம்ளர் இருநூறு எடுங்கள். கழுவ இரண்டு அண்டா: ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் நல்ல தண்ணீர். கழுவ இரண்டு பேர், மாற்றி மாற்றி. பந்தலைத் தாண்டி யாரும் தம்ளரோடு போகாதபடி கயிறு கட்டி உள்ளேயே குடிக்க வையுங்கள். பாட்டில் கொண்டுவருபவர்களுக்குத் தனி வரிசை, அது வேகமாக நகரும். நாலைந்து தம்ளர் தொலையும். கப் வாங்கும் காசில் பார்த்தால் அது நஷ்டமே இல்லை.

பெயர் சொல்லாதவர்: நீங்கள் இன்னும் திருத்திக்கொள்ளாத பழக்கம் என்ன?

ஸ்கூட்டர். முந்நூறு மீட்டரில் இருக்கிற பால் கடைக்கும் சாவியைத் தேடுகிறேன். என் மகள் இதைப் படிப்பாள் என்பதால் இதற்கு மேல் சொல்லவில்லை.

சரி, மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறது. பானைக்கு மூடி போடாமல் வந்துவிட்டேன், மிச்சக் கேள்விகளை நாளை பார்க்கிறேன்.