முதலில் எண்ணெய், கடைசியில்தான் காஸ்

கேள்வி: ஓய்வு பெற்ற கையோடு, 45 மி.மீ. இடைவெளித் தண்டவாளத்தில் ஓடும், காஸ் தீயில் நீராவி உண்டாக்கும் சின்ன மாடல் ரயில் இஞ்சின் ஒன்றைப் பழையதாக வாங்கிவிட்டேன். குறிப்புப் புத்தகம் எதுவும் கூட வரவில்லை. தண்ணீர் ஊற்றி நேரே பற்றவைத்துவிடலாமா? கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. (வாசகர், லெஸ்டர், இங்கிலாந்து)

பதில்: பற்றவைப்பது கடைசி வேலை ஐயா. கைமாறி வந்த இஞ்சின் என்பதால் முதலில் பக்கத்தில் உள்ள மாடல் இஞ்சினியரிங் கிளப்புக்கு எடுத்துப் போய் பாய்லரையும் சேஃப்டி வால்வையும் சோதித்துக்கொள்ளுங்கள். எத்தனை பிரஷரில் வால்வு திறக்கும் என்றே தெரியாத ஒரு பாய்லரை யாருமே சூடாக்கக் கூடாது. சின்ன காஸ் இஞ்சின்களில் அது பெரும்பாலும் 40 முதல் 60 பி.எஸ்.ஐ.க்குள் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்) இருக்கும். 40 என்பது கேட்கக் குறைவாகத் தெரிந்தாலும் அந்த நீராவியின் சூடு 140 டிகிரி, கை வெந்துவிடும்.

அப்புறம் வரிசை: எண்ணெய், தண்ணீர், காஸ். இதை மாற்றாதீர்கள்.

புதிதாக வருகிறவர்கள் தீயைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள், ஆனால் இஞ்சின்கள் பாழாவது பெரும்பாலும் எண்ணெய் இல்லாமல்தான். கேபின் பக்கம் விரல் தடிமனில் ஒரு சின்ன பித்தளைத் தொட்டி இருக்கும், அதுதான் லூப்ரிகேட்டர். அதில் பம்ப் எதுவும் கிடையாது. சிலிண்டருக்குப் போகும் நீராவியில் கொஞ்சம் உள்ளே புகுந்து குளிர்ந்து தண்ணீராகும், தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது என்பதால் அடியில் போய் உட்காரும், அந்த அளவுக்கு மேலே இருக்கும் எண்ணெய் குழாய்க்குள் வழிந்து நீராவியோடு சிலிண்டருக்குப் போய்ச் சேரும். அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் அடியில் தேங்கிய பழைய தண்ணீரை வடித்துவிட்டு, புதிதாக ஸ்டீம் ஆயில், அதாவது நீராவி சிலிண்டருக்கென்றே விற்கும் எண்ணெய், நிரப்ப வேண்டும். கார் எண்ணெய் வேண்டவே வேண்டாம். ஈர நீராவி அதைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

தண்ணீர் என்றால் டிஸ்டில்டு வாட்டர். குழாய்த் தண்ணீர் உள்ளே சுண்ணாம்பாகப் படியும். சிரிஞ்சால் பாய்லரை முழுக்க நிரப்பிவிட்டு, நீராவிக்கு இடம் விட ஒரு 30 மில்லி போல வெளியே உறிஞ்சி எடுங்கள், சரியான அளவு மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். காஸைத் திறந்த வெளியில், இஞ்சின் ஆறியிருக்கும்போது, பக்கத்தில் வேறு தீ எதுவும் இல்லாமல் நிரப்புங்கள். பியூட்டேன் காற்றைவிடக் கனம், தரையோடு பரவி அடுத்தவர் இஞ்சின் தீயைத் தேடிப் போய்விடும்.

இப்போது பற்றவைக்கலாம். காஸ் வால்வை லேசாக, சீறல் கேட்டும் கேட்காத அளவுக்குத் திறந்து, புகைபோக்கி வாயில் லைட்டரைக் காட்டுங்கள். 'டப்' என்று தீ பாய்லரின் உள்குழாய்க்குள் பின்வாங்கும். அப்படிப் போகாமல் முன்பக்கப் புகைப்பெட்டியிலேயே நின்று ஊளையிட்டால் உடனே அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் கருகிவிடும்.

பிரஷர் ஏறியதும் ரெகுலேட்டரை (சிலிண்டருக்கு நீராவி விடும் வால்வு) மயிரிழை திறந்து, இஞ்சினைக் கையால் முன்னும் பின்னும் தள்ளுங்கள். குளிர்ந்த சிலிண்டருக்குள் போன நீராவி தண்ணீராகி நிற்கும், அது புகைபோக்கி வழியாக எண்ணெயோடு கொதிக்கக் கொதிக்கத் தெறிக்கும், முகத்தை மேலே கொண்டு போகாதீர்கள். தண்ணீரை அமுக்க முடியாது. ரெகுலேட்டரை ஒரேயடியாகத் திறந்தால் பிஸ்டனைச் சக்கரத்தோடு இணைக்கும் ராடு வளையும். பொறுமையாகத் தள்ளிக்கொண்டே இருந்தால் இரைச்சல் மாறி வெறும் நீராவி வரத் தொடங்கும், பிறகு அதுவே உங்கள் கையைவிட்டு நகரும். அந்த நிமிடத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்!

தண்ணீர் தீர்வதற்கு முன் காஸ் தீர்ந்துவிடும்படிதான் காஸ் தொட்டிகளை அமைத்திருக்கிறார்கள். ஆகவே இன்னொரு சுற்று ஓட்ட ஆசைப்பட்டுத் தண்ணீரைப் பார்க்காமல் காஸை மட்டும் நிரப்பாதீர்கள்.

கேள்வி: கோடையில் நன்றாக ஓடிய இஞ்சின் ஜனவரியில் பத்து நிமிடத்தில் சோர்ந்துவிடுகிறது. பர்னர் கெட்டுவிட்டதா? (வாசகி, லீட்ஸ்)

பதில்: பர்னரைக் கழற்றாதீர்கள். பியூட்டேனின் கொதிநிலை பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே, அதனால் குளிரில் அது சரியாக ஆவியாகாது. காஸ் ஆவியாக ஆவியாகத் தொட்டி தானாகவே இன்னும் குளிரும், தொட்டுப் பார்த்தாலே தெரியும். குளிர்காலத்தில் பியூட்டேனும் புரோப்பேனும் 70-க்கு 30 கலந்த டப்பாவை வாங்குங்கள், ஆனால் உங்கள் தொட்டிக்கு அந்தக் கலவை ஏற்றதா என்று தயாரித்தவர் குறிப்பில் பார்த்துவிட்டு. சிலர் தொட்டியைச் சுற்றி வெதுவெதுப்பான தண்ணீர் வைப்பார்கள். வெதுவெதுப்புதான், கொதிநீர் கூடவே கூடாது. இத்தனைக்குப் பிறகும் தீ மெலிந்தே இருந்தால் ஜெட்டில், அதாவது பர்னருக்குக் காஸ் விடும் நுண்துளையில், தூசி அடைத்திருக்கலாம். கழற்றி, காஸ் டப்பாவால் எதிர்ப்பக்கமிருந்து ஊதிச் சுத்தம் செய்யுங்கள். ஊசி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும்.

கேள்வி: ஆள் உட்கார்ந்து போகும் 5 அங்குல கேஜ் (தண்டவாள இடைவெளி) நிலக்கரி இஞ்சினிலேயே நேராகத் தொடங்கலாமா? (வாசகர், ஹாரோ)

பதில்: தொடங்கலாம், ஆனால் கிளப்பில் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். நீராவி வரும்வரை தீக்குக் காற்று இழுப்பு கிடையாது, புகைபோக்கி மேல் ஒரு சின்ன மின்விசிறியை வைத்துத்தான் மண்ணெண்ணெயில் ஊறிய அடுப்புக்கரியைப் பிடிக்க வைப்பார்கள். பிறகு வேல்ஸ் கரி. 2023 நவம்பரில் மெர்தர் டிட்ஃபிலில் ஃபோஸ்-ய்-ஃப்ரான் சுரங்கம் மூடியதிலிருந்து அந்தக் கரி எளிதில் கிடைப்பதில்லை, கிளப்பில் எதை எரிக்கிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள். புது பாய்லர் என்றால் வேலை பிரஷரைப்போல் இரண்டு மடங்கில் தண்ணீர்ச் சோதனை செய்து சான்று வாங்காமல் தண்டவாளத்தில் ஏற்ற விடமாட்டார்கள், அது நல்லதுதான். ஓட்டும்போது பாதையைவிட அதிகமாக, பாய்லரின் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் தண்ணீர்க் கண்ணாடியைப் பாருங்கள். அதில் தண்ணீர் மறைந்து, பம்பும் உடனே கைகொடுக்கவில்லை என்றால், யாரையும் கேட்காமல் தீயைக் கீழே தட்டிவிடுங்கள். காய்ந்துபோன பாய்லருக்குள் குளிர்ந்த தண்ணீரைச் செலுத்தவே செலுத்தாதீர்கள்.