வரியே கட்டாத இடத்தில் வரி ஆலோசகருக்கு என்ன வேலை?

உங்கள் மகள் சி.ஏ. இன்டர் இரண்டு குரூப்பும் தேறிவிட்டாள். மயிலாப்பூரில் காலேஜ், டிரஸ்ட் கணக்குகளையே அதிகம் பார்க்கும் ஆடிட்டர் ஆபீஸில் ஆர்ட்டிகிள்ஷிப் (சி.ஏ. படிப்பின் கட்டாயப் பயிற்சி) இடமும் கிடைத்திருக்கிறது. "தர்ம ஸ்தாபனத்துக்கு வரி விலக்குதானே, அங்கே இரண்டு வருஷம் உட்கார்ந்து என்ன கற்றுக்கொள்வாள்? பெரிய கம்பெனி ஆடிட் பக்கம் போகட்டுமே" என்று கேட்டிருக்கிறீர்கள். கம்பெனி ஆடிட்டையும் பார்க்க வேண்டும் என்பது சரிதான், அதற்குப் பின்னால் வருகிறேன். ஆனால் விலக்கு இருப்பதால் வேலை இல்லை என்பது சரியல்ல. விலக்கு இருப்பதால்தான் வேலையே.

சாதாரணக் கம்பெனி லாபம் பார்த்தால் வரி கட்டும், கதை முடிந்தது. டிரஸ்ட் அப்படியல்ல. முதலில் வரி விலக்குக்காக வருமான வரித் துறையில் 12ஏபி பதிவு வேண்டும். அது காலாகாலத்துக்கும் கிடைப்பதில்லை, பொதுவாக ஐந்தாண்டு. முந்தைய இரண்டு ஆண்டிலும் வருமானம் 5 கோடியைத் தாண்டாத சிறிய அமைப்புகளுக்கு மட்டும் 2025 நிதிச் சட்டம் அதைப் பத்தாண்டாக்கியது. பிறகு ஒவ்வோர் ஆண்டும் வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவிட்டதைக் காட்ட வேண்டும். தணிக்கை அறிக்கை செப்டம்பர் 30-க்குள், வருமான வரி ரிட்டர்னான ஐ.டி.ஆர்.-7 அக்டோபர் 31-க்குள் போக வேண்டும். பதிவைப் புதுப்பிக்க மறந்தால் அந்த ஆண்டு வருமானத்தோடு போகாது. மொத்தச் சொத்தின் சந்தை மதிப்பில் கடனைக் கழித்த மிச்சத்துக்கு உச்ச விகிதத்தில் வரி போடச் சட்டம் இடம் தருகிறது. ஓ.எம்.ஆரில் இருபது ஏக்கர் நிலம் வைத்திருக்கும் காலேஜுக்கு இதற்கு என்ன அர்த்தம் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 2021-ல் பதிவு பெற்ற பழைய டிரஸ்டுகளுக்கு 2026 மார்ச் 31-உடன் காலம் முடிந்தது. 2025 செப்டம்பர் 30-க்குள் புதுப்பிக்க விண்ணப்பித்திருக்க வேண்டும். விட்டவர்கள் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி கமிஷனரிடம் மனுப் போட வேண்டும். அந்த மனுவை எழுதுவதும் இந்தத் தொழில்தான்.

அன்றாட வேலை எப்படியிருக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு காலேஜின் வருமானம் 10 கோடி. செலவிட வேண்டியது 8.5 கோடி. அக்கவுண்டன்ட் 8.7 கோடி செலவு காட்டுகிறார், கரஸ்பாண்டன்ட் நிம்மதியாக இருக்கிறார். ஆலோசகர் வவுச்சர்களைப் புரட்டுகிறார். மார்ச் கடைசியில் வந்த கட்டட பில் 45 லட்சம் புத்தகத்தில் ஏறியிருக்கிறது, பணம் மே மாதம்தான் போயிருக்கிறது. கையிலிருந்து போனால்தான் செலவு என்பது சட்டம். 45 லட்சமும் இந்த ஆண்டுக்கு இல்லை. ஹவுஸ்கீப்பிங் காண்டிராக்டருக்குக் கொடுத்த 40 லட்சத்தில் டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்ட வேண்டிய வரி) பிடிக்கவில்லை, 30 சதவீதம், அதாவது 12 லட்சம் போச்சு. ரிச்சி தெருவில் ரொக்கமாக வாங்கிய கம்ப்யூட்டர் சாமான், லேப் சாமான் பில்கள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய்க்கு மேல், மொத்தம் 5 லட்சம்; முழுசும் போச்சு. அதே நிர்வாகத்தின் இன்னொரு டிரஸ்டுக்குக் கொடுத்த நன்கொடை 40 லட்சம். 85 சதவீதம்தான் ஏற்பார்கள், 6 லட்சம் போச்சு. ஆகக் குறைவது 68 லட்சம். நிற்பது 8.02 கோடி, பற்றாக்குறை 48 லட்சம். அப்படியே விட்டால் அதற்கு 30 சதவீத வரி, 14 லட்சத்துக்கு மேல்.

இதற்கு வழி இருக்கிறது. இன்ன காரியத்துக்காகச் சேர்த்துவைக்கிறோம் என்று குறிப்பிட்டு, ஐந்தாண்டுக்குள் செலவிடுவதாகப் படிவம் 10 போடலாம். ஆனால் அதை ரிட்டர்ன் கெடுவுக்கு இரண்டு மாதம் முன்பே போடச் சொல்கிறது சட்டம். அதாவது ஆகஸ்ட் 31. தணிக்கை முடிவது செப்டம்பரில், பற்றாக்குறை தெரிய வேண்டியது ஆகஸ்டில். நல்ல ஆபீஸ் இந்தக் கணக்கை ஜனவரியிலேயே ஒரு முறை போட்டுவிடும். கட்டட பில்லை மார்ச் 31-க்குள் கொடுக்க அப்போது இன்னும் நாள் இருக்கும். கெட்ட ஆபீஸ் செப்டம்பர் 25-ம் தேதி ஃபைலைத் திறக்கும்.

கட்டடம், பஸ் போன்றவற்றில் இன்னொரு சிக்கல். வாங்கிய ஆண்டிலேயே விலையைச் செலவாகக் காட்டிவிட்டால் பிறகு தேய்மானம் கேட்க முடியாது. வங்கிக் கடனில் கட்டினால் கட்டிய ஆண்டில் செலவு இல்லை. கடனைத் திருப்பிக் கட்டக் கட்டத்தான் செலவு. எந்தக் கட்டடம் எந்தப் பணத்தில் வந்தது என்று பத்து வருஷம் பின்னோக்கிச் சொல்லத் தெரிந்தவருக்கு இந்தத் துறையில் மரியாதை.

கணக்கோடு சட்டமும் படிக்க வேண்டியிருக்கும். உதவிபெறும் பள்ளி, கல்லூரிகளில் பாடம் நடத்தும் கன்னியாஸ்திரிகள், பாதிரியார்களின் சம்பளம் துறவற சபைக்கே போய்விடுகிறது, டி.டி.எஸ். பிடிக்கக் கூடாது என்ற வாதம் தமிழ்நாட்டில் பல ஆண்டு நடந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2019-ல் அதை ஏற்கவில்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. இப்போது சென்னையில் கத்தோலிக்கக் கல்லூரிகளின் நிதிப் பொறுப்பாளர்களான பர்சார்களுக்கு இது நடைமுறைக் கேள்வி. இடம் தருவதற்காக வாங்கும் கேபிடேஷன் கட்டணத்தை நன்கொடை என்று ரசீது போடுவது இன்னொன்று. 1992-லேயே தமிழ்நாடு அதற்குத் தடைச் சட்டம் போட்டது. அப்படி வாங்கிய பணம் தானாக முன்வந்து கொடுத்தது ஆகாது. விலக்கே ஆட்டம் காணும்.

ஜி.எஸ்.டி.யில் பெற்றோருக்கும் வியப்பாக இருக்கும் ஒரு விஷயம். மாணவரிடம் வாங்கும் ஃபீஸுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. ஆனால் வெளியாள் கொண்டுவரும் செக்யூரிட்டி, துப்புரவு, கேட்டரிங், பஸ் ஆகியவற்றுக்கு விலக்கு பிளஸ் டூ வரைதான், கல்லூரிக்குக் கிடையாது. ஒரே வளாகத்தில் பள்ளியும் கல்லூரியும் இருந்து, ஒரே ஏஜென்சி காவல் பார்த்தால், பில்லை இரண்டாகப் பிரித்துக் கேட்க வேண்டும். மாதம் 5 லட்சம் கல்லூரிப் பங்கு என்றால் 90,000 ரூபாய் வரி, திரும்ப வராத பணம். ஆடிட்டோரியத்தை வெளியாருக்கு வாடகைக்கு விட்டாலோ, ஏ.டி.எம்.முக்கு இடம் கொடுத்தாலோ, வரிக்குட்பட்ட வரவும் மற்றதும் சேர்ந்து 20 லட்சத்தைத் தாண்டியதா என்று பார்த்துப் பதிவு எடுக்க வேண்டும். மார்கழி சபாக்களும் இந்த ஆபீஸ்களின் வாடிக்கையாளர்கள்தான். 500 ரூபாய் வரையிலான கச்சேரி டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, அதற்கு மேல் உண்டு. ஸ்பான்சர் பணத்துக்குக் கணக்கு வேறு.

சிறிய தொண்டு நிறுவனங்களில் தொல்லை வேறு மாதிரி. நன்கொடையாளருக்கு வரிச் சலுகை தரும் 80ஜி ரசீது கொடுத்தால் மட்டும் போதாது. மே 31-க்குள் நன்கொடையாளர் பட்டியலைப் படிவம் 10பிடி-யில் ஏற்ற வேண்டும், தாமதத்துக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய். பேன் எண் தப்பாக இருந்தால் நன்கொடையாளர் போன் செய்து திட்டுவார். வெளிநாட்டுப் பணம் அதைவிட வழுக்கல். அமெரிக்காவிலிருக்கும் பழைய மாணவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது அயல்நாட்டு நன்கொடை ஆகாது. அவரே அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டால், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், ஆகும். எஃப்.சி.ஆர்.ஏ. (அயல்நாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவில்லாத பழைய மாணவர் சங்கம் அந்தப் பணத்தைத் தொடவே கூடாது. பதிவிருந்தாலும் டெல்லியில் ஸ்டேட் பாங்கின் பிரதானக் கிளையில் திறந்த கணக்கு வழியேதான் வாங்க வேண்டும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வெளிநாட்டுப் பணம் ஒரு ரூபாய் வந்திருந்தாலும் தணிக்கை அறிக்கை படிவம் 10பி-யில் போக வேண்டும். தொகை சிறியது என்று பழக்கத்தில், சிறிய அமைப்புகளுக்கான 10பிபி-யில் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

இத்தனைக்கும் நடுவே 2026 ஏப்ரல் 1 முதல் 2025 வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. பதிவுபெற்ற லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கென்று பிரிவு 332 முதல் 355 வரை தனியாகவே இருக்கின்றன. நான் மேலே சொன்ன 12ஏபி, 10பி எல்லாம் 1961 சட்டத்தின் எண்கள். 2025-26 வரையிலான கணக்குகளுக்கும் அவற்றின் மேல் வரும் நோட்டீஸ், அப்பீல்களுக்கும் பழைய சட்டம் பல ஆண்டு உயிரோடு இருக்கும். இரண்டையும் ஒன்றாகக் கற்கும் தலைமுறை உங்கள் மகளுடையது. பழைய எண்களை மனப்பாடமாக வைத்திருக்கும் சீனியர்களோடு அவள் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் நின்று தொடங்குகிறாள். இதைச் சின்ன வாய்ப்பு என்று நினைக்க மாட்டேன்.

இனி நீங்கள் வெளிப்படையாகக் கேட்காத கேள்வி: ஃபைனல் தேறாவிட்டால்? டிரஸ்ட் தணிக்கை அறிக்கையில் சி.ஏ. மட்டுமே கையெழுத்திட முடியும். அது உண்மை. ஆனால் பெரிய கல்லூரிகள், மருத்துவமனை டிரஸ்டுகள், மறைமாவட்ட அலுவலகங்கள் எல்லாவற்றிலும் அக்கவுண்ட்ஸ் ஆபீசர், ஃபைனான்ஸ் மேனேஜர் இடங்கள் இருக்கின்றன. இந்த ஆர்ட்டிகிள்ஷிப்பை முடித்த, இன்டர் தேறிய ஆளை அங்கே மதிப்பார்கள். பி.காம். இருந்தால் ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராகப் பதியலாம். பின்னால் சட்டம் படித்தால் தீர்ப்பாய வேலைக்கும் வழியுண்டு. சும்மா திரும்பி வரும் பாதை அல்ல.

பணம் பற்றி ஒளிக்க வேண்டாம். தொடக்கத்தில் பெரிய பன்னாட்டுத் தணிக்கை நிறுவனத்துக்குப் போகும் தோழியைவிடக் குறைவாகவே வாங்குவாள். "சேவை நிறுவனம்தானே, ஃபீஸைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்ற வசனம் நிரந்தரம். வருமானம் நிலைப்பது கல்லூரிகளின் ஆண்டு ஒப்பந்தத்திலும், நோட்டீஸுக்குப் பதில் எழுதுவதிலும்தான். சி.ஏ.க்கள் இஷ்டம்போல விளம்பரம் செய்ய முடியாது என்பதால் பெயர் பரவ ஏழெட்டு ஆண்டு ஆகலாம். ஒரு கரஸ்பாண்டன்ட் இன்னொருவரிடம் சொல்வதுதான் விளம்பரம். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வீட்டு விசேஷங்களுக்கு அவளை எதிர்பார்க்காதீர்கள்.

குணத்தையும் பாருங்கள். டிரஸ்டியின் மருமகளுக்கு வேலை செய்யாமலே சம்பளம், டிரஸ்டியின் கட்டடத்துக்கு இரட்டை வாடகை, டிரஸ்ட் காரில் திருப்பதி — இவையெல்லாம் ஃபைலில் வரும். அப்படிப் போன தொகைக்கு 30 சதவீத வரி, மேலும் அந்தத் தொகை முழுவதற்கும் சமமான அபராதம், மறுபடி செய்தால் தொகையின் இரு மடங்கு. வயதில் மூத்த, ஊரே கும்பிடும் ஒருவரிடம் "இது கூடாது சார்" என்று பணிவாக, ஆனால் எழுத்தில் சொல்ல வேண்டும். வாயால் மட்டும் சொன்னவர்கள் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள். இது முடியாத பிள்ளைக்குக் கம்பெனி வேலையே நல்லது.

அவளிடம் ஏற்கெனவே இருக்கும், அவளே மதிக்காத ஒரு திறமை தமிழ். திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துப் பழைய டிரஸ்ட் பத்திரங்கள் பலவும் தமிழில் கையால் எழுதியவை. பத்திரத்தின் நோக்கப் பகுதியில் கல்விக்கு வெளியே ஒரு வரி இருந்தாலும், கல்விக்காக மட்டுமே என்று கேட்கும் விலக்குக்கு அது தடை என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. "ஏனைய தர்ம காரியங்கள்" என்ற மூன்று சொல்லை அந்தக் கையெழுத்தில் கண்டுபிடிக்கிறவளாக அவள் இருக்கட்டும்.

சேரலாமா என்றால், சேரலாம், ஆனால் கேட்டுவிட்டுச் சேர வேண்டும். ஆபீஸில் கம்பெனி ஆடிட் கொஞ்சமாவது உண்டா? ஃபைனலில் தணிக்கைக்கே தனித் தாள் இருக்கிறது. டிரஸ்ட் மட்டுமே என்றால் அவள் புத்தகத்திலிருந்தே கற்க வேண்டியிருக்கும். ஜி.எஸ்.டி. வேலை ஆபீஸுக்குள் நடக்கிறதா, வெளியே கொடுக்கிறார்களா? நோட்டீஸுக்கு முதல் வரைவை மாணவர்கள் எழுதுகிறார்களா, அல்லது இரண்டு வருஷமும் வவுச்சருக்கு டிக் அடிப்பதுதானா? தேர்வுக்கு எத்தனை நாள் லீவு? ஸ்டைபண்ட் எவ்வளவு என்பதைக் கடைசியாகக் கேட்டால் போதும். அங்கே இப்போது இருக்கும் ஓர் ஆர்ட்டிகிள் மாணவரைத் தனியாகப் பிடித்து இதே கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். பார்ட்னர் சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று தெரிந்துவிடும். இடையில் ஆபீஸ் மாறுவது சுலபமல்ல, அதனால் இந்த விசாரணைக்கு ஒரு வாரம் செலவிட்டாலும் தகும்.

முடிவானதும் ஒப்பந்தப் பத்திரமும், பயிற்சிப் பதிவுக்கான படிவம் 103-ம், வேலை தொடங்கிய 30 நாளுக்குள் சி.ஏ. இன்ஸ்டிடியூட் போர்ட்டலில் ஏறிவிட்டனவா என்று அவளையே பார்க்கச் சொல்லுங்கள். ஆபீஸ் கிளார்க் பார்த்துக்கொள்வார் என்று விட வேண்டாம். பி.காம். இன்னும் முடியவில்லை என்றால், வேறு படிப்புக்கு அனுமதி கேட்கும் படிவம் 112-ம் போட வேண்டும். கல்லூரி நேரமும் ஆபீஸ் நேரமும் மோதக் கூடாது. சந்தேகமிருந்தால் நுங்கம்பாக்கம் நெடுஞ்சாலையில் வருமான வரி அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே இன்ஸ்டிடியூட்டின் தென்மண்டல அலுவலகம் இருக்கிறது, நேரில் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.