சொந்தக் குதிரை இல்லாமல் குதிரைப் பராமரிப்பைக் கற்கலாமா?

கேள்வி: உயர்தரப் பரீட்சையை உயிரியல் பிரிவில் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறேன். சிறுவயதிலிருந்தே குதிரைகள் மீது எனக்குத் தீராத விருப்பம். ஆனால் குதிரை வாங்க வசதியும் இல்லை, கட்டி வளர்க்கக் காணியும் இல்லை. சொந்தக் குதிரை இல்லாமல் அதைப் பராமரிக்கும் வேலையை முறையாகக் கற்க முடியுமா? நுவரெலியாவில் வேலை செய்யும் மாமா, சவாரிக்கு உதவாத வயதான மட்டக்குதிரை ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, லொறியில் ஏற்றி அனுப்பவா என்று கேட்கிறார். அம்மா வேண்டாம் என்கிறார். நான் என்ன செய்யலாம்?
- வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: அன்புள்ள தங்கைக்கு, கற்க முடியும். முதலில் குதிரையை வாங்கிக் கட்டிவிட்டு மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்குகிறவர்களைவிட நீங்கள் நல்ல நிலையில் இருக்கிறீர்கள் என்றே சொல்வேன், ஏனெனில் கற்கும் காலத்தில் நேரும் பிழைகளுக்காக வருந்த வேண்டிய விலங்கு எதுவும் உங்கள் முற்றத்தில் இப்போது இல்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அங்குள்ள அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைக் கடல் கடந்து வருவித்ததையும், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாததால் அவற்றுள் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் இறந்ததையும் எழுதிவைத்திருக்கிறார். சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துத் தீவனமாகக் கொடுத்தார்கள் என்றும் அவர் சொல்கிறார். பயணிகளின் பேச்சில் மிகை கலப்பது வழக்கம்தான் என்றாலும், பொன் கொடுத்துக் குதிரை வாங்கிய அரண்மனைகளில் அதைப் பார்த்துக்கொள்ளும் அறிவு இருக்கவில்லை என்பது மட்டும் அதிலிருந்து தெளிவாகத் தெரிகிறது.

குதிரைப் பராமரிப்பில் பெரும்பகுதி உற்றுப் பார்ப்பதுதான். குதிரை, ஆபத்தைக் கண்டால் ஓடித் தப்பும் விலங்கு. கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்திருப்பதால் ஏறக்குறையச் சுற்றிலும் அதற்குத் தெரியும், ஆனால் வாலுக்கு நேர் பின்னாலும் நெற்றிக்கு மிக அருகிலும் நிற்பவரைத் தெரியாது. ஆகவேதான் பழகியவர்கள் குரல் கொடுத்துக்கொண்டே தோளின் பக்கமாகச் சாய்வாக நெருங்குகிறார்கள். இந்தக் கண்பயிற்சிக்கு உங்கள் ஊரிலேயே வழி உண்டு. பிரட்ரிக் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதையோரம் மேயும் புள்ளிமான்களும் ஓடித் தப்பும் இனம்தான். ஒரு காலை வேளையில் தள்ளி உட்கார்ந்து, எந்தத் தூரத்தில் ஆள் வரும்போது மேய்ச்சலை நிறுத்தித் தலை நிமிர்கிறது, காது எந்தப் பக்கம் திரும்புகிறது, ஆள் நின்றதும் எவ்வளவு நேரத்தில் மறுபடி மேயத் தொடங்குகிறது என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுதிப் பாருங்கள். அவற்றைத் தொடவும் வேண்டாம், வருகிறவர்கள் நீட்டும் பிஸ்கட்டை நீங்களும் நீட்டவும் வேண்டாம். அந்தப் பழக்கம் அந்த மான்களுக்குச் செய்யும் கெடுதல் போதும்.

கையால் செய்யும் வேலைக்கு மாடும் ஆடும் போதுமானவை. தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் மாட்டுப் பட்டி வைத்திருப்பவர்களை உங்கள் குடும்பத்தில் யாராவது அறிந்திருப்பார்கள். உங்கள் பிரதேசத்து அரசாங்க கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, வெளிக்கள வேலையின்போது உடன் வந்து பார்க்க அனுமதி கேளுங்கள். உயிரியல் படித்த பிள்ளை, கேட்பது வேலையுமல்ல, சம்பளமுமல்ல என்பதால் மறுக்கப் பெரிய காரணம் இராது. உடல் வெப்பம் எடுப்பது, நாடித் துடிப்பை எண்ணுவது, மூச்சை விலா அசைவில் கணக்கிடுவது, ஈறின் நிறம் பார்ப்பது ஆகியவற்றை அங்கே கற்றால் அவை அப்படியே குதிரைக்கும் உதவும். இயல்பான அளவுகள் மட்டுமே மாறும். ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரைக்கு வெப்பம் 37.5 முதல் 38.5 பாகை செல்சியஸ், நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. ஈறை விரலால் அழுத்திவிட்டால் வெளுத்த இடம் இரண்டு செக்கனுக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். நாடியைக் கீழ்த்தாடையின் உட்புற ஓரத்தில் விரல் வைத்து உணரலாம், அல்லது இடது முன்னங்காலின் முழங்கைக்குச் சற்றுப் பின்னே ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கலாம். இவற்றை மனப்பாடம் செய்வது சுலபம். அசைந்துகொண்டே நிற்கும் ஒரு விலங்கிடம் பதற்றமில்லாமல் எண்ணி முடிப்பதற்குத்தான் பழக்கம் வேண்டும். பட்டிக்குப் போகுமுன் நீங்கள் ஏற்பு வலித் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள், செருப்போடு போகாமல் மூடிய சப்பாத்து அணியுங்கள்.

மாட்டிடம் கற்றதை மறந்துவிட வேண்டிய இடமும் ஒன்று உண்டு, அது வயிறு. மாடு அசைபோடும்; குதிரை அசைபோடாது, அதற்கு இரைப்பை ஒன்றே, உடலளவோடு பார்த்தால் அதுவும் சிறியது. நார்த்தீவனம் பெரும்பாலும் பெருங்குடலில்தான் நொதித்துச் செரிக்கிறது. எல்லாவற்றிலும் முக்கியம், குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. பூசணம் பிடித்த வைக்கோலோ, ஒரேயடியாகக் கொட்டிய தானியமோ, போதாத தண்ணீரோ அதற்குக் கடும் வயிற்றுவலியைக் கொடுத்து ஓரிரு நாளில் கொன்றுவிடக்கூடும். தரையை முன்காலால் கிளறுவது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்ப்பது, படுத்து உருளுவது, சாணம் போடாதிருப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். கண்டால் கைமருந்து தேடாமல் வைத்தியரை அழைக்க வேண்டும்.

வெளிநாடுகளில் சொந்தக் குதிரை இல்லாத பிள்ளைகளுக்கு நடத்தும் பயிற்சிகளில் ஒரு முறை எனக்கு மிகவும் பிடிக்கும்: தாளில் ஒரு குதிரையை வளர்ப்பது. 300 கிலோ எடையுள்ள மட்டக்குதிரை ஒன்று உங்களிடம் இருப்பதாக வைத்து, ஒரு கணக்குப் புத்தகம் திறவுங்கள். நாளொன்றுக்கு உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம், அதாவது 6 கிலோ காய்ந்த புல் வேண்டும். அது திருகோணமலையில் கச்சான் வீசும் மாதங்களில் எங்கே கிடைக்கும், மாரியில் நனையாமல் எங்கே அடுக்குவீர்கள், விலை என்ன என்பவற்றை உண்மையாகவே விசாரித்து எழுதுங்கள். நம் வெயிலில் 30 லீற்றர் தண்ணீரும் போதாமல் போகலாம். அதை யார் அள்ளி ஊற்றுவது, நீங்கள் வீட்டில் இல்லாத நாளில் யார் சாணம் அள்ளுவது என்பதும் கணக்கில் வர வேண்டும். இந்தப் புத்தகத்தை மூன்று மாதம் ஒழுங்காக எழுதுகிறவருக்கு, குதிரை வைத்திருக்கும் பலருக்கே தெரியாத விடயங்கள் தெரிந்துவிடும். எடையை அளக்கவும் ஒரு வழி உண்டு: முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சின் சுற்றளவை அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரையான நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால், அளவுகள் சென்டிமீற்றரில் இருக்கும்போது எடை கிலோவில் ஏறத்தாழ வரும்.

உண்மைக் குதிரையைத் தொடும் காலம் இதற்குப் பிறகு வரட்டும். மாமா நுவரெலியாவில் இருப்பது பெரிய வசதி. கிரகரி ஏரிக்கரையில் சவாரிக்கு நிற்கும் மட்டக்குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் அவர் மூலமாகப் பேசி, சவாரிக்குக் காசு கொடுப்பதற்குப் பதிலாக, காலையில் கொட்டில் கழுவவும் உடல் தேய்க்கவும் கூடமாட நிற்க அனுமதி கேளுங்கள். ஏப்ரல் வசந்த காலக் கூட்டத்தில் போகாதீர்கள், அப்போது உங்களுக்குச் சொல்லித்தர எவருக்கும் நேரம் இராது. குளம்பு சுத்தம் செய்வதை அங்கே பாருங்கள்: கொக்கியைக் குதிப்பக்கத்திலிருந்து நுனிப்பக்கமாக இழுப்பார்கள், அடியில் ஆப்பு வடிவத்தில் இருக்கும் மென்மையான பகுதியைக் குத்தாமல் ஓரமாகச் சுரண்டுவார்கள், அங்கே கெட்ட நாற்றமும் கறுத்த கசிவும் இருந்தால் ஈரத்தில் நிற்பதால் வரும் அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள். கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிப் பிடிக்காதீர்கள். நுனியை இழுத்ததும் அவிழும் முடிச்சை வீட்டு யன்னல் கம்பியிலேயே கண்ணை மூடிக்கொண்டு போடும் அளவுக்குப் பழகிக்கொண்டு போங்கள்.

மன்னாரில் தெருவெங்கும் திரியும் கழுதைகளும் குதிரையின் இனத்தவையே. அங்கே அவற்றுக்கான சிகிச்சை நிலையம் ஒன்றும் ஏற்படுத்தப்பட்டது. அந்த வேலையில் உள்ளவர்களிடம் கற்கக் கிடைத்தால் நுவரெலியாப் பயணத்தைவிட அதையே மேலாகச் சொல்வேன், ஏனெனில் கழுதை தன் வலியை வெளிக்காட்டாது. அதன் முகத்தைப் படிக்கப் பழகியவருக்குக் குதிரையின் முகம் எளிது. நெடுந்தீவுக் குதிரைகள் கட்டாக்காலியாகத் திரிபவை, அவற்றைத் தள்ளி நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெறுபேறு நன்றாக வந்தால் பேராதனையின் கால்நடை மருத்துவ பீடத்துக்கு விண்ணப்பியுங்கள். வராவிட்டாலும் மேலே சொன்னவற்றுள் எதற்கும் அது தடையில்லை.

மாமாவின் மட்டக்குதிரை விடயத்தில் நான் அம்மாவின் பக்கம். மலைக்குளிரில் வாழ்ந்த வயதான விலங்கை லொறியில் இறக்கித் திருகோணமலை வெயிலில் தனியாகக் கட்டுவது அதற்குச் செய்யும் உதவியல்ல. குதிரை கூட்டத்தோடு வாழும் இனம், முதுமையில் பல்லும் தேய்ந்திருக்கும். மாமாவிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ இங்கே யார் வருவார், நடு இரவில் வயிற்றுவலி வந்தால் குதிரைக்கு வைத்தியம் பார்த்துப் பழகிய எவரை அழைப்பது, இந்த விலங்கு இப்போது ஏன் மலிவாகக் கிடைக்கிறது. மூன்றுக்கும் அவரால் ஆளின் பெயரோடு பதில் சொல்ல முடியாவிட்டால், அது நுவரெலியாவிலேயே இருக்கட்டும். அதன் தீவனத்துக்கு மாதாமாதம் சிறு தொகை அனுப்பி, விடுமுறையில் போய் அதற்கே உடல் தேய்த்துவிட அனுமதி வாங்கித் தரும்படி அவரிடம் கேளுங்கள்.