அப்பாவின் கணிப்பும் என் கணக்கும்

கேள்வி: என் தந்தை முப்பது ஆண்டுகளாகப் பனியன் கம்பெனி நடத்தி வருகிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நானும் சேர்ந்தேன். கணக்குப் பார்த்து ஓர் ஆர்டரை எடுக்கலாம் என்று நான் சொன்னால், "இது சரிப்படாது கண்ணு, மனசுக்குப் படலை" என்று மறுத்துவிடுகிறார். பல முறை அவர் சொன்னதே சரியாக இருந்தது. சில நல்ல ஆர்டர்கள் கைநழுவியும் போயின. நிர்வாகத்தில் உள்ளுணர்வை எந்த அளவுக்கு நம்பலாம்?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: "மனசுக்குப் படலை" என்பதை அருள்வாக்காகவும் கொள்ள வேண்டாம், பிடிவாதம் என்று ஒதுக்கவும் வேண்டாம். 1978இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன், முன்பு பழகியதை மீண்டும் அடையாளம் கண்டுகொள்வதே உள்ளுணர்வு என்று விளக்கினார். அவரும் வில்லியம் சேஸும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், உண்மையான சதுரங்க ஆட்டத்தின் காய்நிலையைச் சில விநாடிகளே பார்த்த தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைச் சரியாக அடுக்கிக் காட்டினார். காய்களைக் கலைத்துப்போட்டு வைத்தபோது, அவரும் புதியவரைப் போலவே தடுமாறினார். துணியை விரலிடையே உருட்டிப் பார்த்தே, துவைத்தால் சுருங்கும் என்று உங்கள் தந்தை சொல்வதும் இத்தகைய பழக்கத்தின் பயன்தான். துணி, சாயம், தையல் ஆகியவற்றில் அவர் கணிப்புக்கு முதலிடம் கொடுங்கள். இதுவரை பழகாத நாட்டின் பையர், இணையவழி விற்பனை போன்றவற்றில் காய்நிலை புதிது. அங்கே அதே உறுதியோடு அவர் பேசினாலும் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டுச் சிக்கலின் வேர் வேறிடத்தில் இருப்பதாக எனக்குப் படுகிறது: அவர் மனத்தில் காண்பது உங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்வெளி ஓடத்தை மேலே உந்தும் பூஸ்டர் ராக்கெட்டுகளைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள், கடுங்குளிரில் அவற்றின் இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காது என்று எச்சரித்தார்கள். அச்சத்தை எண்ணில் காட்டும்படி கேட்டபோது அவர்களால் காட்ட முடியவில்லை. அவர்கள் அனுப்பிய தாள்களில், முந்தைய ஏவுதல்கள் அனைத்தையும் வெப்பநிலை வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் வளையம் எவ்வளவு சேதமடைந்தது என்று காட்டும் படம் ஒன்றுகூட இல்லை. அதுவரை மிகக் குளிரான ஏவுதலில், சுமார் 12 டிகிரி செல்சியஸில்தான் சேதம் மிக மோசமாக இருந்தது. மறுநாள் காலையிலோ 2 டிகிரியை ஒட்டிய குளிர். ஏவிய 73 விநாடிகளில் ஓடம் சிதறி எழுவர் மாண்டனர். சரியான உள்ளுணர்வு, காட்டத் தெரியாததால் தோற்றது. இதை எழுதும்போது இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

ஆகவே ஆபீஸ் சுவரில் ஒரு பெரிய சார்ட் தாளை ஒட்டி, ஆர்டருக்கு ஒரு வரியாக நூல், நிட்டிங் (பின்னல்), டையிங் (சாயமிடுதல்), கட்டிங், தையல், பேக்கிங் என்று கட்டம் போடுங்கள். சென்ற ஆண்டின் ஆர்டர்களில், தாமதமான கட்டங்களுக்கு மட்டும் சிவப்பு மை அடியுங்கள். பிறகு தந்தையை அதன் முன் நிறுத்தி, புதிய ஆர்டர் எந்தக் கட்டத்தில் இடறும் என்று நினைக்கிறார் எனக் கேளுங்கள். "சரிப்படாது" என்பவர் "டையிங்கில் நிற்கும்" என்று சொல்லத் தொடங்குவார். அதைத் தேதியிட்டு, முடிவு தெரியும் முன்பே எழுதிவிடுங்கள். அவர் மறுத்த ஆர்டரை வேறு கம்பெனி எடுத்திருந்தால், அது எப்படி முடிந்தது என்று விசாரித்து அதே வரியில் குறித்து வையுங்கள். அந்தத் தகவல் இதுவரை அவருக்குக் கிடைத்ததே இல்லை.